நீல ஏப்ரான்

ஒரு பெண்ணைக் காட்டிக்கொடுத்தவன் நான். ஒரு நல்ல காட்சிக்கு ஆசைப்பட்டு, தெரிந்தே காட்டிக்கொடுத்தேன்!

தெரிந்தேவா என்கிறீர்களா? எழுதும்போதே உள்ளே உறுத்தியதே... அது போதாதா?

தொண்ணூறுகளில், பெங்களூரில் இருந்தபடி ஒரு தமிழ்ப் படத்துக்கு வசனம் எழுதினேன். கதாநாயகி விலைமகள். அப்படிப்பட்டவளை எழுதுவது எங்களுக்கெல்லாம் மனப்பாடம். தங்கமான மனசுக்காரி. மழையில் ஆடுவாள். கடைசியில், நாயகன்மேல் பாயும் கத்தியைத் தான் வாங்கிக்கொண்டு அவன் மடியில் சாவாள். "அவ உயிரோட இருந்தா ஜனங்க ஏத்துக்க மாட்டாங்கய்யா" என்றார் இயக்குநர். நானும் தலையாட்டினேன்.

ஆனாலும் கொஞ்சம் நிஜம் வேண்டுமே! சிவாஜிநகர் பேருந்து நிலையத்தருகே தொழில் செய்த ஒருத்தியைத் தேடிப் பிடித்தேன். விமலா என்று வைத்துக்கொள்ளுங்கள். டீக்கடையில் உட்கார்ந்து, கேட்டதற்கெல்லாம் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

ஜோகுபாளையத்தில் மகளோடு வாடகைக்கு இருந்தாள். கார்மெண்ட்ஸ் வேலைக்குப் போவதாக அக்கம்பக்கத்தை நம்பவைத்திருந்தாள். காலையில் டிபன் பாக்ஸும் ஆலைப் பெண்கள் போடும் நீல ஏப்ரானும் கையில் தெரிய வீட்டைவிட்டுக் கிளம்புவாள். பேருந்து நிலையம் வந்ததும் ஏப்ரானைப் பைக்குள் திணித்துவிட்டுப் பூ வைத்துக்கொள்வாள்.

"எம்பேரு வேணாம் சார். எம்பொண்ணுக்குத் தெரியக் கூடாது."

பேரை மாற்றினேன். ஊரை மாற்றினேன். ஏப்ரானை மட்டும் விட மனம் வரவில்லை... எப்பேர்ப்பட்ட காட்சி!

நீங்களும் அதைப் பார்த்து 'உச்' கொட்டியிருப்பீர்கள். அவள் தெருப் பெண்களும் கூட்டமாய்ப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

சில மாதங்கள் கழித்து, அதே டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"கடைசில சாவடிச்சிட்டீங்க, பரவால்ல. சினிமால எங்கள அப்படித்தான் பண்ணுவீங்க. அந்த ஏப்ரானை எதுக்கு சார் காட்டுனீங்க? படம் பாத்துட்டு வந்த ஓனரம்மா, எந்தக் கார்மெண்ட்ஸுன்னு கேட்டாங்க. எனக்கு வாயே வரல. வூட்டைக் காலி பண்ண வெச்சிட்டாங்க."

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை! "வெறும் கதைதானேம்மா..." என்று முனகினேன். வெட்கங்கெட்டவன்! பிறகு, பேச்சை மாற்றுவதாக நினைத்து, மகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

"இருக்கா சார். நான் ஆக்குன சோத்தைத்தான் தொட மாட்டேங்கறா."

மடியில் சாகிறவளுக்குப் பக்கம் பக்கமாய் வசனம் எழுதியவன் நான். உயிரோடு எதிரே நின்றவளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. இன்றுவரை வரவில்லை...