படகு போகிற நேரத்துத் தண்ணீர்

ஆற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்து ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோவது என் வேலை. வீராம்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஆறு கடலில் கலக்கிற இடத்தில் மாதம் ஒருமுறை பிடிப்பேன். எத்தனையோ வருடமாக அந்த முகத்துவாரம் பரம சுத்தம். அறிக்கை அப்படித்தான் சொல்கிறது. கீழே என் கையெழுத்து இருக்கிறது. மடவை மீன்கள் அவ்வப்போது வயிறு தெரிய மிதக்கும். அலையாத்திச் செடிகளில் தொங்குவது கொக்கா, கேரி பையா என்று கிட்டே போனால்தான் தெரியும். தண்ணீர் மட்டும் சுத்தம்.

இதை நம்பாத ஒரே ஆள், அங்கே இறால் பிடிக்கிற ஒரு அக்கா. ஆற்றில் குந்தி உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவிப் பிடிப்பார். பெரிய மார்க்கெட்டில் அவரே விற்பார். இரண்டு கையிலும் முழங்கை வரை புண். கதிர்காமம் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, கெட்ட தண்ணீரில் இறங்காதே என்றார்களாம். இறங்காமல் எப்படிப் பிழைப்பது? ஆற்றில் சாக்கடை விடுகிற வாய்க்காலை அடைக்கச் சொல்லி மனு கொடுத்தார். ஆறு சுத்தமாக இருக்கிறது என்று என் அறிக்கையின் நகலையே பதிலாக அனுப்பிவிட்டார்கள்.

அதைத் தூக்கிக்கொண்டு நேரே படகுத்துறைக்கு வந்துவிட்டார்.

"தம்பி, நீ எப்ப வந்து தண்ணி புடிக்கிற?"

"படகு போற நேரத்துலதான்க்கா. தண்ணி வத்திட்டா தரை தட்டிடும்."

"அடப்பாவி! கடத்தண்ணி ஏறி வர்றப்ப மொண்டா கடத்தண்ணிதானே வரும்? அத கொண்டுபோயி ஆறு நல்லாருக்குன்னு எழுதிட்டியே! வத்துறப்ப வந்து புடிச்சுப் பாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வேதியியல் படித்தவன் நான்; எனக்கே பாடமா? ஆனால் இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை என்பதுதான் உண்மை.

அடுத்த வாரம் தண்ணீர் வற்றிய நேரம் பார்த்து, பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். முழங்கால் வரை கறுப்புச் சேறு. ஒரு நண்டைக்கூடக் காணோம். வாய்க்காலுக்குக் கீழே பாட்டிலை முக்கினேன். மூடிய பிறகும் நாறியது. ஆய்வுக்கூடத்திலிருந்து போன் வந்தது: "எந்த கக்கூஸ்ல சார் மொண்டீங்க?" எனக்கு ஒரே சந்தோஷம். வாய்க்காலை அடைத்துவிடுவார்கள், அக்காவின் கை ஆறிவிடும் என்றே நினைத்தேன்.

முடிவைப் பார்த்த எங்கள் ஆபீஸ் அதிகாரி முகம் சுளித்தார்.

"முன்னாடி வந்த எதோடயும் இது ஒத்துப்போகலையே. நீங்க எடுத்ததுல ஏதோ தப்பு. வழக்கம்போல படகுல போய் எடுத்துட்டு வாங்க."

"சார், படகு போற நேரத்துல..."

"இத்தனை வருஷமா அப்படித்தானே எடுக்குறீங்க? அப்ப அதெல்லாம் தப்புன்னு எழுதித் தர்றீங்களா?"

எழுதித் தரவில்லை. படகில் போனேன். நல்ல தண்ணீர் கிடைத்தது. கையெழுத்துப் போட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அக்காவைக் கண்டதும் வேறு பக்கம் நழுவப் பார்த்தேன். மனைவியோ அவர் கூடை முன்னால் போய் நின்றுவிட்டாள். "ஆத்து எறா வேணாம், வா" என்று அவள் காதில் மெதுவாகத்தான் சொன்னேன். அக்காவுக்குக் கேட்டுவிட்டது.

"ஏன் தம்பி வேணாங்கிற? நீ கையெழுத்துப் போட்ட தண்ணியில வளந்ததுதானே? தைரியமா சாப்புடு."

அரைக் கிலோ போடச் சொன்னேன். துணி சுற்றிய கையால் நிறுத்துக் கொடுத்தார். பையை வாங்கும்போது அந்தத் துணியின் ஈரம் என் விரலில் பட்டது. குழாயடிக்குப் போய் இரண்டு முறை கை கழுவினேன். திரும்பிப் பார்த்தால், அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.