அப்பா அடைத்த புகைபோக்கி

எழுபதுகளில் எங்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தபோது, அதைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பதுபோல் தெருவில் நடந்தேன். விருத்தாசலத்தில் எங்கள் தெருவுக்கு அதுதான் முதல் கேஸ் அடுப்பு. அப்பா செராமிக் கம்பெனியில் சூளை மேஸ்திரி. அம்மாவுக்கு இழுப்பு நோய். விறகுப் புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதும், கடலூருக்கு அலையாய் அலைந்து அப்பா வாங்கி வந்தது அது.

வந்த அன்றே கம்பெனியிலிருந்து ஒரு கூடைக் களிமண் கொண்டுவந்து, சமையலறையின் புகைபோக்கியை அடைத்தார். சூளையில் விரிசல் பூசிப் பழகிய கை. எறும்பு நுழையவும் இடம் வைக்கவில்லை. ஜன்னலையும் சாத்தச் சொன்னார். காற்றடித்தால் சுடர் அலையும், கேஸ் வீணாகும்.

“இனிமே இந்த வூட்டுல புகைக்கு வேலையில்ல” என்றார்.

சுடர் நீலமாய் எரிந்தது. நெருப்பு எதுவானாலும் காற்றில் எதையாவது கலக்காமல் எரியாது என்பது சூளைக்காரருக்குத் தெரியாததல்ல. ஆனால் கண்ணுக்குத் தெரியாத எதையும், கடவுளைத் தவிர, எங்கள் வீட்டில் யாரும் பொருட்படுத்துவதில்லை. சமைக்க நின்றாலே அம்மாவுக்குத் தலை கனத்தது. இருமல் முன்னைவிடப் பிடுங்கி எடுத்தது.

“புகை எங்கடி இருக்குது? காட்டு, பாப்போம்.” அப்பாவின் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம்.

சேத்தியாத்தோப்பிலிருந்து வந்திருந்த அம்மாவின் தம்பி, சமையலறைக்குள் தலையை நீட்டியவர் உடனே வெளியே இழுத்துக்கொண்டார். “இன்னா மாமா, எங்கக்காவ சூளையில வச்சு அடச்சிட்டீங்க? எப்பப் பிரிக்கப் போறீங்க?”

அப்பா சிரிக்கவில்லை. அன்று மதியம் சாப்பிடவும் இல்லை. மூடிவைத்த தட்டையே அம்மா பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவன் கெடக்கிறான், வுடுங்க. எனக்கு இப்பத் தேவலீங்க” என்றாள்.

அதற்குப் பிறகு அம்மா வீட்டுக்குள் இருமவே இல்லை. குழம்பைக் கொதிக்க விட்டுக் கொல்லைக்குப் போவாள். கிணற்று ராட்டினம் கிறீச்சிட்டுக்கொண்டே இருக்கும். தொட்டி நிரம்பி வழிந்த பின்னும் இறைப்பாள். திரும்பி வரும்போது முகம் கழுவி, புதிதாகப் பொட்டு வைத்திருப்பாள். அப்பா அவள் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்ப்பார். பிறகு நிம்மதியாகச் சாப்பிட உட்காருவார்.

அடுப்பைப் பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு விளக்கம் சொல்லும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். “எங்கம்மாவுக்கு இருமலு சுத்தமா நின்னுபோச்சு.”

பக்கத்தில் நின்ற அம்மா, உதடுகளை இறுக மூடிக்கொண்டு ஆமாம் என்று தலையாட்டினாள். நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம்போல என்று நினைத்துக்கொண்டேன்.