எங்கள் தெருவின் வெளிச்சூழல் ஆய்வு

போன வருடம் ஆடி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணி இருக்கும். நெய்வேலி டவுன்ஷிப்பில், எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் நடந்தது இது.

நான் ஓய்வு பெற அப்போது ஒன்றேகால் வருடம் பாக்கி. சுரங்க அலுவலகத்தில் உட்கார்ந்தே செய்கிற வேலை என்பதால் நிறையப் படிப்பேன். படித்ததை அடுத்தவர் மேல் பிரயோகம் செய்வேன். அந்தச் சமயம் கையில் அகப்பட்டது ஒரு தொழில் நிர்வாகப் புத்தகம். தொழில் தொடங்கும் முன் நம் கைக்கு அடங்காத வெளியுலகை ஆராய வேண்டுமாம். அரசியல், பொருளாதாரம், சமூகம், தொழில்நுட்பம், சட்டம், சுற்றுச்சூழல் என்று ஆறு கட்டம் போட வேண்டுமாம். போட்டேன். ஹாலில் காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலேயே சார்ட்டை மாட்டினேன்.

தொழில் வேறொன்றுமில்லை, மாவு வியாபாரம். இட்லி மாவு, அடை மாவு, நறுக்கிய காய்கறி எல்லாம் எங்கள் பிளாக்கில் நாற்பது வீடுகளுக்கு வாசலிலேயே கிடைக்கும். யோசனை என்னுடையது, உழைப்பு மனைவியுடையது. அவள் பத்தொன்பது வருடமாக ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வேலையை விட்டால்தான் மாவு அரைக்க முடியும். அவளுக்கு மனசே இல்லை. மூன்று வாரம் சார்ட்டைக் காட்டிக் காட்டிப் பேசி, ராஜினாமா கடிதம் எழுத வைத்தேன். அந்த வயதில் விட்டால் திரும்பச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அன்று காலை அந்தக் கடிதம் அவள் கைப்பையில் இருந்தது.

சார்ட்டின் பெருமையைச் சொல்ல வேண்டும். அரசியல் கட்டத்தில், எங்கோ நடக்கும் போரால் சமையல் எண்ணெய் விலை ஏறும் அபாயம். தொழில்நுட்பத்தில், ஆளில்லாக் குட்டி விமானத்தில் மாவு அனுப்பும் வாய்ப்பு. சுற்றுச்சூழலில் பசிபிக் கடலின் வெப்பம். சமூகம் என்ற கட்டத்தில் மட்டும் ஒரே வரி: ‘நிலையான குடும்பங்கள். மாற்றம் இல்லை.’

பாக்கெட்டுகளை வீடு வீடாகச் சேர்க்க, பக்கத்து வடக்குத்து கிராமத்திலிருந்து மொபெட்டில் வரும் பால்காரம்மாவை நினைத்து வைத்திருந்தேன். விவரத்தைச் சொன்னதும் கேன் மூடியைத் திருகியபடி கேட்டார்.

“எந்தெந்த வூட்டுக்கு சார்?”

பட்டியலை எடுத்துக் கோடி வீட்டிலிருந்து படித்தேன்.

“அவங்க தையில காலி பண்றாங்க. அப்புறம்?”

அடுத்த வீட்டைச் சொன்னேன்.

“அவங்க புரட்டாசி.”

மூன்றாவது வீடு.

“சாமானே கட்டிகினு இருக்காங்களே. நேத்து நீங்க பாக்கல?”

பன்னிரண்டு வீடு படித்தேன். ஒன்பதுக்கு மாதம் சொன்னார்.

“உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?”

“மாசக் கடைசியில பட்டாசு வெடிக்குது இல்ல சார், ஒரு சரம் வெடிச்சா எனக்கு ரெண்டு லிட்டரு போச்சு. எண்ணிகினுதான வரேன்.” பாலை அளந்து ஊற்றிக்கொண்டே கேட்டார். “நீங்க எப்ப சார் காலி பண்றீங்க?”

எனக்குக் காது அடைத்துக்கொண்டது.

எங்கள் ஊரில் ஒருவர் ஓய்வு பெற்றால், மாதக் கடைசி நாளில் மாலை போட்டு, சரவெடி வெடித்து வீடு வரை கொண்டுவந்து விடுவார்கள். கொஞ்ச மாதத்தில் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எங்கள் தெருக்காரர்கள் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே ஆள் எடுப்பில் சேர்ந்தவர்கள். மருத்துவப் பரிசோதனைக்கு ஒரே வரிசையில், சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர்கள். சேர்ந்து வந்தவர்கள் சேர்ந்துதானே போவார்கள். புதிதாக வருகிறவர்களில் பலர் கான்ட்ராக்ட், அவர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது.

இதெல்லாம் தெரியாதவனா நான்? அந்த வழியனுப்பு விழாக்களின் ஆஸ்தான பேச்சாளனே அடியேன்தான். ஒரே நகைச்சுவையை ஒன்பது பேருக்குச் சொல்லி அனுப்பிவைத்திருக்கிறேன். ஆனால் கொல்லையில் பலா வைத்து, சுவரில் ஆணி அடித்து, முப்பது வருடம் இருந்ததில், அது கம்பெனி வீடு என்பதே மறந்து போயிருந்தது. என்னுடைய மாதம் எது என்று கேட்டதற்கு, கையிலிருந்த பட்டியலையே மறுபடி புரட்டினேன்.

உள்ளேயிருந்து மனைவிதான் சொன்னாள். “அடுத்த வருசம் ஐப்பசியில ரிட்டயர்டு. பொங்கலுக்குள்ள காலி பண்ணணும்.”

“அப்ப டீச்சரம்மா மாவு யாருக்கு அரைப்பாங்க?” என்றார் பால்காரம்மா. கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல் கேட்டார். “நான் ரெண்டு மாட்ட வித்துட்டேன் சார். மீதிப் பால எங்க ஊர்லயே டீக்கடைக்கு ஊத்திகினு இருக்கேன். கான்ட்ராக்ட் ஆளுங்க ரூம் எடுத்துத் தங்கி இருக்காங்க இல்ல. அவங்களுக்கு மாவு ஆவாதுங்க, இட்லியாத்தான் வேணும்.”

மொபெட் கிளம்பிப் போனது. ஆறு கட்டத்திலும் இல்லாத ஆய்வை, மூடி திருகும் நேரத்தில் செய்துவிட்டுப் போய்விட்டார்.

மனைவி கைப்பையோடு வெளியே வந்தாள். கடிதத்தை எடுத்து என் கையில் வைத்தாள். “இதையும் அந்த ஆணியிலயே மாட்டிடுங்க. ஸ்கூல் பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

மாட்டினேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவள் இன்னும் பள்ளிக்குப் போகிறாள். நான் வாடகை வீடு தேடிக்கொண்டிருக்கிறேன்.

வருகிற ஐப்பசியில் எனக்கு வெடிப்பார்கள். அதுவரை தெருவில் சரம் வெடிக்கும்போதெல்லாம், கைதட்டுவதற்கு முன்னால் என் கண் தானாக வாசல்களில் மிச்சமிருக்கும் பால் பாத்திரங்களை எண்ணுகிறது, அன்று காலை அடைத்த காது மறுபடியும் ஒரு கணம் அடைத்துக்கொள்கிறது.