எட்டுகிற துப்பாக்கி

ஆர்டிஸ் ஹௌகனின் நிலத்தில் மான் சுட வேண்டுமென்றால் அவளுடைய சமையலறைக் கதவைத் தட்டிக் கேட்க வேண்டும். வருகிறவர்கள் விஸ்கியோ கேக்கோ கொண்டுவருவார்கள். வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டு, "என்ன துப்பாக்கி? எவ்வளவு தூரத்துலேர்ந்து சுடுவே?" என்பாள். முந்நூறு கெஜத்துக்கு மேல் சொன்னவன் விஸ்கியை எடுத்துக்கொண்டு திரும்பலாம்.

ஜோர்டன் ஊரில் அவளைக் கிறுக்கி என்றார்கள். சொல்லட்டும். பனியில் மாடுகளுக்கு வைக்கோல் போடப் போகும்போது குண்டு பட்டுத் தாடை உடைந்து, தின்ன முடியாமல் நிற்கும் மானைப் பார்ப்பது அவர்களா? புருஷன் செத்த பிறகு மாடும் வேலியும் அவள் தலையில்தான். எவனோ இந்த மலையிலிருந்து அந்த மலைக்குச் சுட்டுவிட்டுப் போன மான்களும் அவள் தலையிலா?

அண்ணன் மகன் கிர்பி மட்டும் கதவைத் தட்டமாட்டான். பில்லிங்ஸ் நகரத்தில் டயர் கடை வைத்திருந்தான். அந்த நவம்பரில் புதுத் துப்பாக்கியோடு நேராக உள்ளே வந்து அதை மேஜைமேல் கிடத்தினான். த்ரீ ஹண்ட்ரட் மேக்னம். தூரத்துக்கேற்பத் திருகிக்கொள்ளும் ஸ்கோப்.

"தொள்ளாயிரம் கெஜம் எட்டும் அத்தை."

"மான் என்ன கனடாவுலயா நிக்குது?"

"உங்க டூ செவன்டி துப்பாக்கி தாத்தா காலத்துது."

"தாத்தா கிட்டப் போய்ச் சுட்டாரு. நீ நடக்கச் சோம்பல்பட்டு ஒரு துப்பாக்கி வாங்கியிருக்கே."

தோட்டா ஒன்றை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தாள்.

"இது எல்க் மாதிரிப் பெரிய மானுக்குச் செஞ்ச கெட்டிச் செம்புக் குண்டுடா. வேகமாப் போய்ப் பட்டாத்தான் விரியும். அவ்வளவு தூரம் போனா வேகம் செத்துரும். ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிரும்."

"காத்து இதை ரொம்பத் தள்ளாது. கடைக்காரன் அதைத்தான் சொன்னான்."

"கடைக்காரன் குறி அட்டையைச் சுடுறவன். அட்டை ஓடாது."

அப்போதே வெளியே போடா என்றிருக்க வேண்டும். அண்ணன் மகனாயிற்றே என்று விட்டாள். அந்த அண்ணனும் இந்த லட்சணம்தான்.

மறுநாள் காலையில் அவளே அவனோடு மேட்டுக்குப் போனாள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் நல்ல கொம்போடு ஆண்மான் ஒன்று பெட்டைகளுக்கு நடுவில் நின்றது. பள்ளத்தில் இறங்கிச் சுற்றிப்போனால் பாதி தூரம் குறையும், காற்றும் எதிரில்தான் என்று சொல்லத் திரும்பினாள். அவன் ஏற்கெனவே குப்புறப் படுத்திருந்தான். வெடித்தது. மான் முதுகை வளைத்தது. பிறகு சரிவைத் தாண்டி ஓடி மறைந்தது.

"தப்பிருச்சு," என்றான் கிர்பி. "வேற பாக்கலாம்."

"யாரு சொன்னா? முதுகை வளைச்சுதே, தெரியலையா உனக்கு?"

"எனக்குப் புழுதிதான் தெரிஞ்சுது. அங்க போய்ப் பாத்துட்டு வர காலைப்பொழுதே போயிரும் அத்தை."

குண்டு போக முடிந்த இடத்துக்கு இவன் கால் போகாதாம். இதுதான் இவர்கள் எல்லாருடைய கதையும். பக்கத்தில் விழுந்தால் மான், தூரத்தில் போனால் புழுதி.

"எந்திரி," என்றாள்.

அவன் கழுத்திலிருந்த ஆரஞ்சுத் துணியை உருவிச் சுட்ட இடத்துப் புதரில் கட்டினாள். அந்தப் பக்கம் போய்விட்டால் எல்லாப் புதரும் ஒன்றுபோலத்தான் இருக்கும். துணியைத் திரும்பித் திரும்பிப் பார்த்துத் திசை பிடித்தபடி அவனை மான் நின்ற இடத்துக்கு இழுத்துப் போனாள். புல்லில் ரத்தம் இருந்தது. கொஞ்சம்தான். கூடவே பச்சையாக ஏதோ. விரலில் தொட்டு அவன் மூக்கருகே நீட்டினாள்.

"மோந்து பாரு."

முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"குடல்ல பட்டிருக்கு. ராத்திரி வரைக்கும் துடிச்சுக்கிட்டுக் கிடக்கும். நீ வேற பாக்கலாம்னியே."

தடம் பிடித்து அடுத்த மேட்டுக்கு வந்தார்கள். கீழே, திறந்த புல்வெளியில் மான் படுத்திருந்தது. அதற்கப்பால் பக்கத்து நிலத்துக்காரன் லுண்டின் வேலி. லுண்ட் யாரையும் உள்ளே விடமாட்டான். அடிபட்ட மானை எடுக்கக்கூட விடமாட்டான். வேலியைத் தாண்டிவிட்டால் அது எங்கே விழுந்து எத்தனை நேரத்தில் சாகும் என்று யாருக்கும் தெரியாது. நடுவில் ஒளிந்து போக ஒரு புதர்கூட இல்லை. அவள் துப்பாக்கி வீட்டில் இருந்தது.

மான் தட்டுத்தடுமாறி எழுந்தது. வேலியைப் பார்த்து நடந்தது.

கிர்பி கண்ணில் வைத்திருந்த தூரமானியை இறக்கினான். "நானூத்தைம்பது கெஜம்," என்று முணுமுணுத்துவிட்டு அவளைப் பார்த்தான். இந்த முறை படுக்கவில்லை. காத்திருந்தான்.

அவள் பல்லைக் கடித்தாள். புல் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்தாள்.

"காத்து இடதுலேர்ந்து வருது. நிக்கிற வரைக்கும் பொறு." அவன் குப்புறப் படுத்தான். மான் வேலியருகே நின்றது. "சுடு."

மான் நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சரிந்தது.

"பாத்தீங்களா? எட்டிருச்சு!"

"முதுகெலும்புல பட்டிருக்கு. அங்க பட்டா ஊசிகூடப் போதும். வாயை மூடு."

மானருகே மண்டியிட்டு முதல் காயத்தைத் தேடினாள். வயிற்றில் சின்னத் துளை. புரட்டினால் மறுபக்கமும் அதே அளவில் துளை. கிர்பியின் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். அவன் விரல் நுனிகூட நுழையவில்லை.

"சீட்டுல தேதியை வெட்டு," என்றாள். ஒரு மானுக்கு மட்டுமே செல்லும் தன் அனுமதிச் சீட்டில் அவன் தேதியை வெட்டிக் கொம்பில் கட்டினான். பிறகு மெதுவாகச் சொன்னான்:

"நீங்கதானே அத்தை சுடச் சொன்னீங்க."

முந்நூறு கெஜத்துக்கு மேல் கூடாது என்கிறவளே நானூற்றைம்பதில் சுடச் சொன்னதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மேட்டுமேல் வண்டி வராது. ஒரு கொம்பை அவனிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தானே பிடித்தாள்.

"இழு," என்று கத்தினாள்.