உம் கொட்டிய நம்பிராஜன்

நம்பிராஜன் கெட்டவன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கதை முடிவதற்குள் நீங்கள் அவனைத் திட்ட ஆரம்பித்துவிடுவீர்கள். படப்பையில் ஒரே அறையில் அவனோடு மூன்று வருடம் குப்பை கொட்டியவன் நான். அவனைத் திட்டுகிற உரிமை எனக்குத்தான் உண்டு.

அம்பாசமுத்திரத்துப் பக்கத்துக்காரன். 2009-இல் ஒரகடத்தில் கார் பம்பர் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தான். சேர்ந்த வாரமே சூப்பர்வைசரை வாய் நிறைய “அண்ணாச்சி” என்று கூப்பிட்டுவிட்டான். அவ்வளவுதான், லைன் முழுக்கச் சிரிப்பு. அதிலிருந்து அவனைக் கண்டாலே “அண்ணாச்சி, கால் கிலோ துவரம்பருப்பு குடு” என்பார்கள். வேறொருவன் என்றால் பதிலுக்கு நக்கலடித்திருப்பான். இவன் வாயை மூடிக்கொண்டான். ஊரில் வாய் ஓயாதவன் என்று பேரெடுத்தவன், இங்கே டீ வேண்டும் என்பதற்குக்கூட விரலைக் காட்டினான்.

மறு வருடம் கம்பெனியில் அரை நாள் பயிற்சி வைத்தார்கள். மற்றவர்களோடு எப்படிப் பேசிப் பழகுவது என்பதுதான் பாடம். டை கட்டிய ஒருவர் வந்தாராம். எதிரில் இருப்பவர் பேசும்போது முகத்தைப் பாருங்கள், தலையை ஆட்டுங்கள், நடுநடுவே “ம்”, “அப்படியா” என்று சொல்லுங்கள், அவர் மனம் விட்டுப் பேசுவார் என்றாராம். அதற்குப் பிறகு காது கொடுத்துக் கேட்பதைப் பற்றியும் அவர் ஏதோ சொல்லியிருக்கிறார். நம்ம ஆள் அதற்குள் எழுந்துவிட்டான். பேசாமலே பழக ஒரு வழி கிடைத்துவிட்டதே.

அந்த வித்தையை அவன் முழுசாகக் காட்டியது எல்லப்பனிடம். எல்லப்பன் மணிமங்கலத்துக்காரர், நாற்பதை நெருங்கியவர், அதே கம்பெனியில் பெயிண்ட் பிரிவு. கம்பெனி பஸ் அவரை ஏற்றிக்கொண்டுதான் படப்பைக்கு வரும். சாப்பாட்டுப் பையை ஜன்னல் சீட்டில் வைத்து இவனுக்கு இடம் பிடித்திருப்பார். இவனிடம் அப்படி என்ன கண்டாரோ, ஒரகடம் போய்ச் சேரும்வரை பேசுவார். இவன் ஜன்னல் பக்கத்துக் காதில் இயர்போனைச் செருகி, வயரைச் சட்டைக்குள் விட்டுக்கொள்வான். ஒரு காதில் பாட்டு, மறு காதில் பஸ் இரைச்சல். “ம்.” “அப்படியாண்ணே.” பஸ்ஸில் அவனுக்கு நல்ல பேர், தங்கமான பையன் என்று.

அறைக்கு வந்து அதைச் சொல்லிச் சிரிப்பான். “நான் பாட்டுக்குத் தலைய ஆட்டுதேன்ல, மனுசன் விடாமப் பேசுதாரு.” நானும் கூடச் சிரித்திருக்கிறேன்.

2012 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இரவு ஷிஃப்ட் முடித்து வந்து படுத்திருந்தான். போன் அடித்தது. பெயர் வராத நம்பர். “கிரெடிட் கார்டுக்காரனுவளா இருக்கும்” என்று கட் செய்தான். மறுபடியும் மறுபடியும் அடித்தது. அணைத்துப் போட்டுவிட்டுத் தூங்கினான்.

அடுத்த இரண்டு நாள் அவனுக்கு லீவு. புதன்கிழமை பஸ்ஸில் ஜன்னல் சீட்டில் பை இல்லை. எல்லப்பன் டிரைவருக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருந்தார். நம்பிராஜனுக்கு அதில் நிம்மதிதான். காலை நீட்டி உட்கார்ந்து இரண்டு காதிலும் பாட்டுக் கேட்டானாம்.

அந்த வாரமே ஒரு நாள் கேன்டீனில், எல்லப்பனின் தெருக்காரர் வெங்கடேசன் தட்டோடு வந்து எதிரில் உட்கார்ந்தார்.

“இன்னாபா, நீயெல்லாம் ஒரு மனுசனா? வர்றேன்னு தலைய ஆட்டிட்டு வூட்ல பட்த்துகினு கீற?”

“எங்கண்ணே வாரேன்னு சொன்னேன்?”

“எல்லப்பன் பொண்ணுக்குக் காது குத்து. அவுரு சம்சாரத்துக்குக் கூடப் பொறந்தவன் யாரும் இல்ல. தாய்மாமனா நீ மடி குடுக்கிறேன்னு ஒத்துகினியாம். ஊர் பேர் தெரியாதவன் மடியிலயான்னு பங்காளிங்க குதிச்சாங்க. அவங்களாண்ட மல்லுக்கு நின்னாரு மனுசன். கோயிலாண்ட மொட்டை அடிச்ச கொயந்தைய வெச்சிகினு உச்சி வெயில் வரிக்கும் காத்துனு இருந்தோம். போன் பண்ணா எடுக்கல. கடைசில பெத்த அப்பன் மடியிலயே வெச்சி குத்தனாங்க. பங்காளிங்க சிரிச்சத பாக்கணுமே.”

நம்பிராஜன் தட்டிலிருந்த சோற்றை அப்படியே கொட்டினான். என்னிடம் இதைச் சொன்னபோது முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். என்னாலும் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு குழந்தைக்கு ஒரு கவுன் வாங்கிக்கொண்டு மணிமங்கலம் கிளம்பினான். துணைக்கு நானும் போனேன். ஷேர் ஆட்டோவிலேயே ஒரு பொய்யைத் தயார் செய்தோம். அம்மாவுக்கு முடியவில்லை என்று திடீரென ஊருக்குக் கிளம்பிவிட்டான், வழியில் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்தது என் உபயம்.

எல்லப்பன் வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார். அவர் மனைவி கங்காதான் நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தாள். நம்பிராஜன் பொய்யை ஒப்பித்தான். எல்லப்பன் துணியைக் கீழே போட்டார்.

“அம்மாவுக்கா? அந்த வீசிங் திரும்ப வந்துச்சா? பனிக்காலத்துலதானே வரும்னு சொன்ன? டாக்டராண்ட காட்னியா?”

எப்போதோ ஒரு நாள், அவர் கேட்டுக் கேட்டு, இவன் வாயிலிருந்து விழுந்த ஒரே தகவல் அது. நம்பிராஜன் கவுன் பையைக் கீழே வைத்தான். சும்மா இருந்திருக்கலாம். மன்னிப்பு கிடைத்த மாதிரிதான். தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்திருக்கலாம். நான் அவன் காலை மிதித்தேன்.

“அண்ணே, நான் சொன்னது பொய். அம்மா நல்லாத்தான் இருக்கா. நீங்க காது குத்துக்குக் கூப்பிட்டதே எனக்குக் கேக்கல. காதுல பாட்டு ஓடிக்கிட்டு இருந்துச்சு.”

“அன்னிக்கா?”

“எப்பவும்தாண்ணே.”

திட்டுவார் என்று நினைத்தேன். அடித்தாலும் நியாயம்தான். அவர் கீழே கிடந்த துணியை எடுத்து மடித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

“அப்போ எங்க பெரியவளப் பத்திச் சொன்னனே?”

பெரியவள் என்று ஒருத்தி இருந்ததே எங்களுக்குத் தெரியாது. கங்கா சட்டென்று புருஷனைத் திரும்பிப் பார்த்தாள்.

“இந்தப் புள்ளையாண்ட சொன்னியா நீ? அவ ஏரில முழுகிப் போனதுலேர்ந்து எங்கிட்ட அவ பேரக்கூட எட்த்ததில்லையே.”

எல்லப்பன் வாசல்படியில் உட்கார்ந்தார். காதில் புதுத் தோட்டோடு சின்னவள் வந்து கவுன் இருந்த பையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிராஜன் நாற்காலியை விட்டு இறங்கி அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தான். இந்தப் பக்கம் வந்த பிறகு அவன் ஒரு மனுஷரைத் தானாகப் பேசச் சொன்னது அதுதான் முதல் தடவை.

“இப்பச் சொல்லுங்கண்ணே. நான் கேக்குதேன்.”

எல்லப்பன் அவனைப் பார்த்தார். முகத்தில் கோபம் துளியும் இல்லை. அதைத்தான் எங்களால் தாங்க முடியவில்லை.

“ஒரு வாட்டி சொல்றதுக்கே எனக்கு ஆறு வருசம் ஆச்சுபா. சொன்ன அன்னிக்கு வூட்டுக்கு வந்து நல்லாத் தூங்குனேன், ஒருத்தனாண்டயாவது சொல்லிட்டோமேன்னு.”