படுவான்கரையில் பாதி நாவல்

அட்டை கிழிந்த அந்த மர்ம நாவலை மாமி மகள், என் மச்சாள், ஊசியும் சாக்கு நூலுமாக உட்கார்ந்து பிரித்துப்போட்ட காலைப்பொழுது இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஓர் அத்தியாயத்தில் ஒல்லாந்தர் காலத்துக் கோட்டையில் ஒரு கொலை. அடுத்ததில், அதைத் துப்புத் துலக்கப் போய் ஆபத்தில் மாட்டிக்கொள்ளும் நம் காலத்துப் பள்ளிக்கூட ரீச்சர் ஒருத்தி. இரண்டும் மாறி மாறி வரும். யார் முதலில் வாசிப்பது என்று எங்களுக்குள் ஒரே சண்டை. மச்சாளிடம் பொறுமை மருந்துக்கும் கிடையாது. பழங்காலத்தை ஒரு கட்டாகவும் இக்காலத்தை இன்னொரு கட்டாகவும் தைத்துவிட்டாள்.

"எனக்குக் கோட்டை, உனக்கு ரீச்சர். காணக்குள்ள கதையச் சொல்லுவம் கா."

அவள் வீடு கடலோரத்துப் பெரிய வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், மண்டூரில். நான் கிழக்குக் கரையில் இருந்தேன். ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையை நாங்கள் 'பாதை' என்போம். சனிக்கிழமைகளில் அவள் அதில் வருவாள். துறையடியில் உட்கார்ந்து கதை மாற்றிக்கொள்வோம். இப்போது ஒரு நாவலை ஒரே மூச்சில் முழுதாக வாசித்து முடிக்கிறேன். சத்தியமாக அந்த ருசி இல்லை.

என் பாதியில் கடைசி அத்தியாயம் மிச்சமிருக்கையில் யுத்தம் மூண்டு, பாதையை நிறுத்திவிட்டார்கள். அக்கரையில் ஷெல் விழுந்தது. மண்டூர்ச் சனம் ஏதோ பள்ளிக்கூடத்தில் அகதியாக இருக்கிறதாம் என்பதற்கு மேல் ஒரு செய்தியும் இல்லை. மச்சாள் இருக்கிறாளோ இல்லையோ என்று அழுதேன். அவளில்லாமல் அந்த அத்தியாயத்தை வாசித்தால் அவள் வரவே மாட்டாள் என்று ஒரு பைத்தியக்காரப் பயம். கட்டைத் தொடவில்லை.

பாதை திரும்ப ஓடிய அன்று, கட்டையும் எடுத்துக்கொண்டு துறையடிக்கு ஓடினேன். நடுவாவியிலேயே அவள் குரல் கேட்டுவிட்டது.

"கொலை செஞ்சவன் ஆரெண்டு தெரியும் கா! கோட்டை வைத்தியன்தான்!"

சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கட்டிப்பிடிக்கப் போனால், இறங்கிய சனமெல்லாம் என்னைச் சூழ்ந்துகொண்டது. முகாமில் மச்சாள் தன் பாதியை எல்லோருக்கும் உரக்க வாசித்து, நான் சொல்லியிருந்த ரீச்சர் கதையையும் இடையிடையே சொல்லியிருக்கிறாள். முன்பின் தெரியாத ஒரு மீன்காரர் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுக் கேட்டார்:

"புள்ள, அந்த ரீச்சர் தப்பிச்சாவா?"

"நான் இன்னும் வாசிக்கல்ல."

"அப்ப இஞ்சயே வாசி கா," என்றாள் மச்சாள்.

மருதமர நிழலில் உட்கார்ந்து வாசித்தேன். ரீச்சர் உயிரோடு வெளியே வந்த இடத்தில், வீடுவாசலைப் போட்டுவிட்டு வந்த அந்தச் சனம் கைதட்டியது. மீன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர்கள் ஏறவேண்டிய பஸ் எப்போதோ போய்விட்டிருந்தது.

"போகட்டும் கா," என்றாள் மச்சாள். "அவ தப்பின இடத்த மறுகா ஒருக்கா வாசி."