இழுப்பு உண்டா?

கல்லூரியில் சேர்ந்த வருஷம் எனக்கு வாய் ரொம்ப நீளம். அண்ணனுக்கு வந்திருப்பது இன்ன நோய் என்று அரைகுறையாகப் படித்துவிட்டு வீட்டில் வகுப்பே எடுத்தேன். யாரும் காதில் வாங்கவில்லை. அண்ணன் சில வாரம் தூங்காமல், பேச்சை நிறுத்தாமல், ஆகாயத்தில் நடப்பான். அப்புறம் மாசக்கணக்கில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கிடப்பான். அம்மாவுக்கு எல்லாமே பீடியால் வந்த வினை. பீடிக் கட்டை எடுத்து அரிசிப் பானைக்குள் ஒளித்தாள். அவன் பானையையே கவிழ்த்துவிட்டான்.

கடைசியாக அந்த வேகம் ஏறியபோது, துபாய்க்கு விமானத்தில் எலுமிச்சை அனுப்பப்போகிறேன் என்று கிளம்பினான். புளியங்குடியில் தன் மாமனார் பேரைச் சொல்லிக் கடனுக்கு ஒரு லாரிப் பழத்தை எங்கள் வாசலில் கொட்டவைத்தான். மதினி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். இனி வருவாளா? வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வி அதுதான்.

பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனோம். மதினியும் வந்து கதவோரம் நின்றாள். வலிப்பு வருமா என்பதை டாக்டர் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே கேட்டார்.

"இழுப்பு உண்டாம்மா?"

அம்மா யோசிக்கவே இல்லை. "கண்ணு முழிச்சதுலேருந்து இழுப்புதான் சார். ஒண்ண அணைக்கதுக்குள்ள அடுத்ததப் பத்த வச்சிருவான்."

எனக்கு மானமே போயிற்று. டாக்டர் சிரித்துவிட்டார். பிறகு, சரி, எப்போது அதிகமாக இழுப்பார் என்று கேட்டார். பதில் கதவோரத்திலிருந்து வந்தது.

"அவியளுக்கு மொதல்ல பீடிதான் கூடும். பொறவு தூக்கம் போவும். அதுக்குப் பொறவுதான் சார் இந்தக் கூத்தெல்லாம்."

டாக்டர் அண்ணன் பக்கம் திரும்பினார். நோய் பீடியால் வந்ததல்ல, ஆனால் உங்களுக்கு இரண்டும் சேர்ந்தே ஏறுகிறது என்றார். மாத்திரையை விடக்கூடாது, பீடியைத் தன்னிடம் கேட்டுக்கேட்டுக் குறைக்க வேண்டும், திடீரென்று கூடினால் அன்றைக்கே வர வேண்டும். அண்ணன் மதினியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மதினி திரும்பி வந்தாள். ஆனால் சேலைகளை டிரங்குப் பெட்டியிலேயே வைத்திருந்தாள். ஒன்றை எடுத்தால் உடனே பூட்டிவிடுவாள்.

ஆடித் தபசுத் திருவிழா நெருங்கிய சமயம், அண்ணன் தறியைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்து நின்றான்.

"ஏட்டி, காலையிலேருந்து ஒரு கட்டு காலி. நேத்துத் தூக்கமும் இல்ல. கெளம்பு, டாக்டரப் பாத்துட்டு வந்துருவோம்."

மதினி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்களாத்தான் சொல்லுதியளா?"

"பின்ன, பக்கத்து வீட்டுக்காரனா சொல்லுதான்?"

பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு இரண்டு பேரும் பஸ்ஸுக்கு நடந்தார்கள். டாக்டர் மாத்திரையை மாற்றிக் கொடுத்தார். அண்ணன் கொஞ்ச நாள் எல்லோரிடமும் எரிந்து விழுந்தான், அவ்வளவுதான். தறிக்குப் போவது நிற்கவில்லை. பீடியும் நிற்கவில்லை, ஆனால் பாதியாகிவிட்டது.

திருவிழா முடிந்ததும் மதினி சேலைகளையெல்லாம் கொடியில் போட்டுவிட்டு, காலிப் பெட்டியைப் பரணில் ஏற்றச் சொன்னாள்.